ஒரு லட்சத்தில் ஏசி சர்வீஸ் தொழில் தொடங்கலாமா?

"அண்ணே, கையில ஒரு லட்சம் இருக்கு. தனியா ஏசி சர்வீஸ் ஆரம்பிச்சிடலாமா?"

வருடத்துக்கு நாலைந்து பையன்களாவது இதைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் ஏதாவது டீலரிடம் மூன்று நான்கு வருடம் வேலை பார்த்தவர்கள். நான் சொல்லும் பதில் மாறியதில்லை: "டூல்ஸுக்குப் போதும்ப்பா. ஐப்பசி மழைக்குப் போதாது."

திருச்சியில் நான் இந்த வேலைக்கு ஹெல்பராக வந்தவன். ஏழு வருடம் பிறரிடம் சம்பளம் வாங்கிவிட்டு, பிறகுதான் சொந்தமாக இறங்கினேன். இங்கே சொல்லும் விலைகள் நம் ஊர்ப்பக்கத்துச் சந்தையில் ஏறக்குறைய இருப்பவை. ஊருக்கு ஊர், பிராண்டுக்கு பிராண்ட் கூடும், குறையும். கணக்குப் போடும் முறையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ஊர் விலையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் கை, பிறகு காசு

ஐடிஐ-யில் ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம். அரசு ஐடிஐ-யில் படித்தால் செலவு மிகக் குறைவு. சான்றிதழ் இல்லாமலும் வேலை ஓடும், நானே அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் கம்பெனி ஆத்தரைஸ்டு சர்வீஸ் எடுக்கப் போகும்போதோ, வங்கியில் கடன் கேட்கும்போதோ அந்தக் காகிதம் பேசும். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் எச்சிஎஃப்சி (ஓசோனைக் கெடுக்கும் காஸ் வகை) ஒழிப்புத் திட்டத்தின் கீழ் டெக்னீஷியன்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகளும் நடக்கின்றன. உங்கள் பக்கம் நடந்தால் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டுப் போய் உட்காருங்கள். காஸை எடை போட்டு ஏற்றுவது ஏன் என்று அங்கேதான் எனக்கு ஒழுங்காகப் புரிந்தது.

படிப்பு எதுவானாலும், ஒரு சீசன் முழுக்க இன்னொருவரிடம் வேலை பார்க்காமல் தனியாக இறங்காதீர்கள். மார்ச்சில் சேர்ந்து ஜூன் வரை இருந்தாலே போதும். இருநூறு முந்நூறு மெஷின்களைக் கழற்றிப் பார்த்துவிடுவீர்கள். தப்பு செய்தாலும் அது முதலாளி கணக்கில் போகும். தனியாக வந்த பிறகு செய்யும் தப்பு உங்கள் கணக்கில்.

டூல்ஸ்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

ஒரு டெக்னீஷியன், ஒரு ஹெல்பர், ஒரு டூ வீலர். இந்த அளவுக்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம்.

கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் 2,500 ரூபாய். ஆர்-32, ஆர்-410ஏ என்ற இரண்டு ஏசி காஸுக்கும் பொருந்தும், பிரஷர் காட்டும் மேனிஃபோல்டு கேஜ், ஹோஸ், அடாப்டர் சேர்த்து 4,000. பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் இரண்டு ஸ்டேஜ் வேக்கம் பம்ப் 10,000. காஸ் எடை போட டிஜிட்டல் தராசு 2,000. ஃப்ளேரிங் டூல், டியூப் கட்டர், பெண்டர் எல்லாம் 5,000. ஸ்பேனர், ஆலன் கீ, ஸ்குரூ டிரைவர் வகையறா 4,000. வாட்டர் சர்வீஸுக்கு ஜெட் பம்பும், இண்டோரில் மாட்டுகிற சர்வீஸ் ஜாக்கெட்டும் 7,000. சுவர் துளைக்க ஹேமர் டிரில்லும் பிட்டுகளும் 7,000. செம்புக் குழாயைப் பற்றவைக்கும் பிரேஸிங் செட் 7,000. நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் பழையதாகக் கிடைத்தால் 12,000. ஏணி, சேஃப்டி பெல்ட், கயிறு 8,000.

கூட்டினால் 68,500. எழுபதாயிரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோன சில்லறைச் சாமான்களுக்கு அந்த ஆயிரத்தைநூறு போய்விடும்.

இதில் தள்ளிப்போடக்கூடியவை உண்டு. பிரேஸிங் செட்டையும் நைட்ரஜன் சிலிண்டரையும் முதல் இரண்டு மாதம் தெரிந்தவரிடம் வாடகைக்கு எடுக்கலாம். நீளமான கோர் கட்டிங் மெஷின் வாங்கவே வேண்டாம். கான்கிரீட் சுவர் வந்தால் அதற்கென்று இருப்பவரைக் கூப்பிட்டு, ஒரு துளைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடலாம். டிரில் பழையது வாங்கலாம். ஸ்பேனர் பழையது வாங்கலாம்.

வேக்கம் பம்பில் மட்டும் கை வைக்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் நான் அடிபட்டது இங்கேதான்.

ஆரம்பத்தில் என்னிடம் பம்ப் இல்லை. இன்ஸ்டாலேஷன் முடித்ததும், அவுட்டோரில் இருக்கிற காஸையே கொஞ்சம் திறந்துவிட்டு, பைப்புக்குள் இருக்கும் காற்றை நட் வழியாக வெளியே தள்ளுவேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். பார்க்க வேலை முடிந்த மாதிரியே இருக்கும், கூலிங்கும் வரும். ஆனால் காற்றோடு உள்ளே போன ஈரம் முழுசாக வெளியே வருவதில்லை. பழைய ஆர்-22 மெஷினில் இருந்த மினரல் ஆயில் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆர்-410ஏ, ஆர்-32 மெஷின்களில் இருக்கும் ஆயில் வேறு வகை. ஈரத்தைப் பஞ்சு மாதிரி இழுத்துக்கொள்ளும். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்த ஆயில் அமிலமாகிறது. அமிலம் கம்ப்ரஸர் வைண்டிங்கின் பூச்சை அரிக்கிறது. எட்டு மாதமோ ஒரு வருடமோ கழித்து கம்ப்ரஸர் ஷார்ட். அப்படிப் போன ஒரு கம்ப்ரஸரை, வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க முடியாமல், என் காசில் மாற்றிக் கொடுத்தேன். அந்தக் காசுக்கு ஒரு பம்ப் வாங்கியிருக்கலாம்.

ஆர்-32 கொஞ்சம் தீப்பிடிக்கக்கூடிய காஸும்கூட. ஆகவே காஸை வெளியே விட்டுக் காற்றைத் தள்ளும் வேலையே இனி ஆகாது. இரண்டு ஸ்டேஜ் பம்ப் போட்டு அரை மணி நேரம் ஓட விடுங்கள். பம்பை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கேஜைப் பாருங்கள். முள் ஏறினால் எங்கோ லீக், அல்லது ஈரம் இன்னும் போகவில்லை. வேக்கம் எவ்வளவு ஆழம் என்று அளக்கும் மைக்ரான் கேஜ் வாங்க வசதி வந்தால் வாங்குங்கள். 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கினால்தான் முறையான வேக்கம். சாதாரண கேஜில் அந்த நுணுக்கம் தெரியாது.

காஸ் விஷயத்தில் கணக்கும் நேர்மையும்

தமிழ்நாட்டு வீடுகளில் இன்று மூன்று காஸும் கலந்து இருக்கின்றன. பழைய மெஷினில் ஆர்-22, இடைப்பட்ட காலத்தில் வந்தவற்றில் ஆர்-410ஏ, இப்போது விற்பதில் பெரும்பாலும் ஆர்-32. சில மெஷின்களில் ஆர்-290, அதாவது புரொப்பேன். அது நன்றாகவே எரியும். பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள். ஆர்-22 ஓசோனைக் கெடுப்பது. மாண்ட்ரியால் ஒப்பந்தப்படி 2030-க்குள் அதன் பயன்பாடு கிட்டத்தட்ட முழுதாக நிற்க வேண்டும். அதனால் ஆர்-22 ஸ்டாக் எடுத்து அடுக்கிக் காசை முடக்க வேண்டாம்.

ஆர்-410ஏ என்பது ஆர்-32, ஆர்-125 இரண்டும் சரிபாதி எடையில் கலந்தது. சிலிண்டரைக் கவிழ்த்து லிக்விடாக ஏற்ற வேண்டும். ஆர்-32 தனிக் காஸ் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் அவுட்டோர் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். தராசில் வைத்து அவ்வளவுதான் ஏற்ற வேண்டும். கேஜ் பார்த்து, பைப்பைத் தொட்டுப் பார்த்து ஏற்றிய காலம் இன்வெர்ட்டர் மெஷின் வந்ததும் முடிந்துவிட்டது. அதில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், பிரஷரும் கூடவே மாறும்.

"வருஷா வருஷம் காஸ் போடணும் சார்" என்று சொல்பவர்கள் இந்தத் தொழிலுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்கிறார்கள். காஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? மூடிய குழாயில் சுற்றுகிற பொருள். குறைந்தால் ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் காஸ் அடித்தால் இந்த வருடம் மூவாயிரம் கிடைக்கும், அடுத்த வருடம் அந்த வீடு போகும். ஓட்டை பெரும்பாலும் பைப்பை மெஷினோடு இணைக்கும் ஃப்ளேர் நட்டில்தான் இருக்கும். சோப்பு நுரை போட்டாலே தெரிந்துவிடும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்று காயிலை அரித்துவிடும். அங்கே காயில் மாற்றுவதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

உயிர் போகிற மூன்று இடங்கள்

இதை டூல்ஸ் செலவைவிட முன்னால் எழுதியிருக்க வேண்டும்.

ஒன்று, ஆக்ஸிஜன். லீக் டெஸ்ட்டுக்கு நைட்ரஜன்தான். "நைட்ரஜன் தீர்ந்துபோச்சு, பிரேஸிங்குக்கு வச்சிருக்கிற ஆக்ஸிஜனை அடிச்சுப் பாத்துடலாம்" என்று எவனாவது சொன்னால் அந்த இடத்தை விட்டுக் கிளம்புங்கள். பிரஷரில் ஆக்ஸிஜனும் கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும்.

இரண்டு, பம்ப் டவுன். ஏசியை இடம் மாற்றும் ஷிஃப்டிங்கின்போது காஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைப்போம். லிக்விட் வால்வை மூடி, கம்ப்ரஸரை ஓட விட்டு, பிரஷர் இறங்கியதும் காஸ் வால்வையும் மூடி, உடனே பவரை நிறுத்த வேண்டும். பவர் நிற்காமல் பைப்பைக் கழற்றினால் கம்ப்ரஸர் வெளிக்காற்றை உறிஞ்சும். உள்ளே காற்றும் ஆயிலும் அழுத்தத்தில் சூடாகி, டீசல் என்ஜினுக்குள் நடப்பது போலவே பற்றிக்கொள்ளும். கம்ப்ரஸர் வெடித்தது என்று பேப்பரில் வரும் செய்திகளில் இப்படிப்பட்டவையும் உண்டு. அவசரத்தில் ஹெல்பரிடம் விட்டுவிட்டு நீங்கள் போனில் பேசிக்கொண்டிருக்கக் கூடாத வேலை இது.

மூன்று, சன்ஷேடு. மூன்றாவது மாடியில், பழைய சன்ஷேடில் நின்றுகொண்டு முப்பது கிலோ அவுட்டோரைத் தூக்குவது நம் ஊரில் சர்வ சாதாரணம். பெல்ட் போட்டால் கேலி செய்பவர்கள் இருக்கிறார்கள். கேலி செய்யட்டும். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு, வங்கிக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கும் ஹெல்பருக்கும் முதல் நாளே போட்டுவிடுங்கள். தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் ஹெல்பரைப் பதிவு செய்ய முடியுமா என்றும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

வண்டிப் பெட்டியில் என்ன ஸ்பேர்ஸ் வைப்பது

சாதாரண, அதாவது இன்வெர்ட்டர் இல்லாத மெஷினில் கோடையில் அதிகம் போவது கேப்பாசிட்டர். 36, 45, 50 மைக்ரோஃபாரட், ஃபேனுக்கான சின்னது, எல்லாம் நல்ல பிராண்டாக வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குக் குழந்தை இருக்கிற வீட்டில் கேப்பாசிட்டர் மாற்றிக் கூலிங் கொடுத்தால் அந்தத் தெருவே உங்களுக்கு. கூடவே யுனிவர்சல் ரிமோட், சென்சார், ஃப்ளேர் நட், டேப், டிரெயின் பைப், ஒன்றிரண்டு காஸ் கேன். இருபதாயிரம், இருபத்தைந்தாயிரத்துக்குள் அடங்கும்.

காப்பர் பைப் வாங்கி அடுக்காதீர்கள். உலகச் சந்தையில் செம்பு விலை ஏறி இறங்க, நம் ஊர்க் கடையிலும் மாறும். இரண்டு இன்ஸ்டாலேஷனுக்கு வேண்டியது போதும். இன்வெர்ட்டர் பிசிபி-யும், அதாவது எலக்ட்ரானிக் போர்டும், வாங்கி வைக்க வேண்டாம். மாடலுக்கு மாடல் வேறு, ஒன்று தங்கிவிட்டால் நாலாயிரம் ஐயாயிரம் தூங்கும். பிசிபி ரிப்பேர் மட்டுமே செய்யும் ஆள் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். அவரோடு நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள். அது ஸ்டாக்கைவிட லாபம்.

வயரிங் பற்றி ஒரு வார்த்தை. ஏசிக்குத் தனி லைன் இழுக்க வேண்டி வந்தால் உரிமம் உள்ள வயர்மேனிடம் கொடுங்கள். பழைய வீட்டின் மெலிந்த வயரில் ஒன்றரை டன் மெஷினை மாட்டி, பிளக் உருகினால் பழி உங்கள் தலையில் விழும்.

கடை வேண்டாம்

எனக்குத் தெரிந்து தொழில் தொடங்கி ஒரே வருடத்தில் மூடியவர்களில் பலர் முதலில் செய்த காரியம் கடை பிடித்தது. மாதம் எட்டாயிரம் வாடகை, பத்து மாத அட்வான்ஸ் என்றால் எண்பதாயிரம் அப்படியே போய்விடும். அதற்கு மேல் போர்டு, மேஜை, திறப்புவிழா, வாழைமரம். ஏசி பழுதானவர் யாரும் கடையைத் தேடி நடந்து வருவதில்லை, போன்தான் அடிக்கிறார். கூகுள் மேப்பில் பெயரைப் பதிந்து, வேலை முடிந்த வீட்டில் "ரெண்டு வரி எழுதிடுங்கம்மா" என்று கேட்பதற்குச் செலவே இல்லை. இண்டோர் யூனிட் ஓரத்தில் பெயரும் நம்பரும் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஆயிரம் ஸ்டிக்கர் அடிக்க ஆகும் செலவு ஒரு மாதக் கடை வாடகையைவிடக் குறைவுதான். அது வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

டூ வீலர் சொந்தமாக இல்லையென்றால் பழையது நாற்பதாயிரத்துக்குள் பாருங்கள். ஏணியை வண்டியில் கட்டிக்கொண்டு பாலக்கரை மேம்பாலம் ஏறுவது எனக்கே பழகிவிட்டது என்றாலும், நீங்கள் மடக்கு ஏணியாக வாங்குங்கள்.

காகிதங்களுக்கு அதிகம் செலவில்லை. உத்யம் பதிவு, அதாவது மத்திய அரசின் சிறுதொழில் பதிவு, ஆதார், பான் வைத்து இணையத்தில் இலவசம். எவரிடமும் ஆயிரம் ரெண்டாயிரம் கொடுக்க வேண்டாம். ஜிஎஸ்டி, சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். ஆனால் கம்பெனி, மருத்துவமனை, கல்லூரி என்று போனால் ஜிஎஸ்டி பில் கேட்பார்கள். அப்போது எடுத்துக்கொள்ளலாம். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு முதல் நாளிலிருந்தே வேண்டும். வீட்டுச் செலவும் தொழில் பணமும் ஒரே கணக்கில் கிடந்தால் லாபமா நட்டமா என்று உங்களுக்கே தெரியாது.

கடன் வாங்குவதானால்

மத்திய அரசின் முத்ரா கடனில் சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, பிணை இல்லாமல். பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் மானியக் கடன் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. மானியம் பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25. பெண்கள், எஸ்சி, எஸ்டி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு 25, 35. மானியம் கையில் வராது. வங்கியில் மூன்று வருடம் டெபாசிட்டாகக் கிடந்து, பிறகுதான் கடனில் கழியும். எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோருக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் வட்டிச் சலுகையும் உண்டு. எல்லாவற்றுக்கும் போக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். புரோக்கர் வேண்டாம், நேராகப் போங்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது டூல்ஸுக்கு மட்டும் கேளுங்கள். இருபது லட்சம் வரை கிடைக்கிறதே என்று ஷோரூம் கனவு காணாதீர்கள். தவணை தேதி மே மாதத்திலும் வரும், நவம்பரிலும் வரும். நவம்பரில் கட்ட முடிகிற தவணைதான் உங்களுக்குத் தாங்கும் தவணை. அவசரத்துக்கு மீட்டர் வட்டிக்காரரிடம் போய்விட்டால் அந்த சீசனில் நீங்கள் உழைப்பது அவருக்காகத்தான்.

மாதக் கணக்கு

இப்போது ஒரு நோட்டை எடுங்கள். ஹெல்பருக்கு ஒரு நாள் 600, மாதம் 25 நாள் என்றால் 15,000. பெட்ரோல் 4,500. போன், நெட் 1,000. டேப், கெமிக்கல், துணி, சில்லறை 3,000. டூல்ஸ் தேய்மானத்துக்கு எடுத்து வைப்பது 2,000. உங்கள் வீட்டுச் செலவு, சிக்கனமாக, 20,000. மொத்தம் 45,500.

ஜெனரல் சர்வீஸ் ஒன்றுக்கு 600 ரூபாய் வாங்குவதாக வைத்தால், இந்தத் தொகையைத் தேற்ற 76 சர்வீஸ் வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று. ஏப்ரலில் அது ஒன்றுமே இல்லை, ஆறேழு வரும். கத்திரி வெயில் நாட்களில் போனை அணைத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். இன்ஸ்டாலேஷனுக்கு 1,500, காஸ் சார்ஜிங்கில் பொருள் போக மிஞ்சுவது, ஸ்பேர்ஸில் கிடைக்கும் நியாயமான லாபம் எல்லாம் சேர்ந்து கணக்கு நன்றாகவே ஏறும். அக்டோபர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் வரை? ஒரு நாளைக்கு மூன்று கிடையாது, ஒரு வாரத்துக்கு மூன்று வந்த காலமும் எனக்கு உண்டு.

ஆகவே தொடக்க முதலீடு என்று நான் போடும் கணக்கு இது: டூல்ஸ் எழுபதாயிரம், ஸ்பேர்ஸ் இருபத்தைந்தாயிரம், ஆறு மாத வீட்டுச் செலவு ஒரு லட்சத்து இருபதாயிரம். இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம். வண்டி வாங்க வேண்டுமென்றால் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். ஒரு லட்சம் மட்டுமே கையில் இருப்பவருக்கும் வழி இருக்கிறது. தை மாதம் தொடங்குங்கள். மாசியில் வெயில் ஏறும், பங்குனியில் போன் அடிக்கும். சித்திரை, வைகாசியில் சம்பாதிப்பதில் பாதியை அந்த ஆறு மாதச் செலவாக எடுத்துத் தனியே வைத்துவிட்டால் சமாளிக்கலாம். ஆடியில் தொடங்கியவர்கள் எதிர்நீச்சல் போட வேண்டும்.

ரேட்டைப் பற்றி: பக்கத்துக்காரர் 350-க்கு சர்வீஸ் செய்கிறார் என்று நீங்களும் இறங்காதீர்கள். அந்த ரேட்டில் ஃபில்டரைக் கழுவிவிட்டு வரத்தான் முடியும். ஜாக்கெட் மாட்டி, காயில், புளோயர், டிரெயின் டிரே, அவுட்டோர் எல்லாம் கழுவ ஒரு மணி நேரம் ஆகும். சர்வீஸுக்கு முன் இண்டோர் வாயில் எத்தனை டிகிரி, பின் எத்தனை, கரன்ட் எத்தனை ஆம்பியர் என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். கேட்காமலே அறுநூறு கொடுப்பார்கள்.

ரிட்டர்ன் கால் கணக்கையும் எழுதுங்கள். தண்ணீர் சொட்டுகிறது என்று மூன்றாம் நாள் திரும்பக் கூப்பிட்டால் பெட்ரோலும் அரை நாளும் உங்களுடையது. புதியவர்களின் லாபத்தை அரிப்பது பெரும்பாலும் இதுதான். டிரெயின் பைப்பின் சரிவை லெவல் வைத்துப் பார்த்து, கிளம்பும் முன் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டால் பாதித் தொல்லை போய்விடும்.

பெரிய இடம், நீளமான கடன்

ஒரு லாட்ஜில் முப்பது மெஷின் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பதையும் சர்வீஸ் செய்தேன், நாலில் கம்ப்ரஸர் மாற்றினேன், ஸ்பேர்ஸ் எல்லாம் கடையில் கடனாக வாங்கியது. பணம் ஐந்து மாதம் கழித்து, தவணை தவணையாக வந்தது. கடைக்காரர் அதற்குள் எனக்குக் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார். அதிலிருந்து பழக்கம்: பொருளுக்கான பணம் முன்னால், கூலி வேண்டுமானால் பின்னால்.

உத்யம் பதிவு இங்கேதான் கைகொடுக்கும். பதிவு செய்த குறுந்தொழிலுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால், பணம் தர வேண்டிய நிறுவனம் அந்தச் செலவைத் தன் அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்றும் விதி வந்துவிட்டது. பில்லில் உத்யம் நம்பரை அச்சடித்துவிடுங்கள். கணக்குப்பிள்ளை உங்கள் பில்லை மேலே எடுத்து வைப்பார்.

ஏஎம்சி, அதாவது வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், எடுத்தால் முதல் இரண்டு வருடம் லேபர் ஏஎம்சி மட்டும் எடுங்கள். ஸ்பேர்ஸ், காஸ், கம்ப்ரஸர் எல்லாம் சேர்த்த ஃபுல் ஏஎம்சி-யை, மெஷின்களின் வயதும் நிலையும் தெரியாமல் எடுப்பது சூதாட்டம். கம்பெனி ஆத்தரைஸ்டு சர்வீஸும் அப்படித்தான். வேலை நிற்காமல் வரும், ஆனால் கால் ஒன்றுக்கான தொகை குறைவு, பணம் வர மாதம் ஆகும். நாலு பேர் சம்பளத்தை இரண்டு மாதம் தாங்கும் பலம் வந்த பிறகு யோசிக்கலாம்.

மழை பெய்யும்போது

நம் ஊரில் ஹீட்டிங் தொழில் என்றால் ஊட்டி, கொடைக்கானலில்தான் ரூம் ஹீட்டர். மற்ற இடங்களில் கீசர். ஏசி போன் ஓயும் அதே ஐப்பசி, கார்த்திகையில் கீசர் போன் தொடங்கும். எலிமென்ட், தெர்மோஸ்டாட், உப்புப் படிந்த டேங்க். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் வேலை நிறையவே இருக்கும். ஏசி டெக்னீஷியன் அதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும், கூடுதல் டூல்ஸ் ஆயிரம் ரூபாய்க்குள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் தெரிந்தால் இன்னும் நல்லது. எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் மட்டும் எந்தக் கீசரையும் ஆன் செய்துவிட்டு வராதீர்கள். ஈரக் குளியலறை அது.

மழைக்கால மதியங்களில் இன்னொரு வேலை இருக்கிறது. வருடம் முழுக்க எழுதிய வாடிக்கையாளர் நோட்டை எடுத்து, யார் வீட்டில் என்ன மெஷின், எந்த மாதம் சர்வீஸ் செய்தோம், எந்த ஃப்ளேரில் சந்தேகம் இருந்தது என்று பட்டியல் போடுங்கள். பொங்கல் முடிந்த வாரத்திலிருந்து ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குப் போன். "சார், போன மார்ச்ல சர்வீஸ் பண்ணினோம். வெயில் ஏறினா எனக்கும் நேரம் கிடைக்காது, உங்களுக்கும் அவசரமாயிடும். இந்த வாரம் வரட்டுமா?" பத்தில் மூன்று பேர் வரச் சொல்வார்கள். அந்த மூன்றுதான் 76-ஐ 25 நாளால் வகுத்தால் வருகிற மூன்று.